படித்துறையில் கைமாறிய காப்பரிசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இவ்வாண்டு ஆடி 18 ஞாயிற்றுக்கிழமையிலேயே அமைந்துவிட்டதால், அன்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஆடிப்பெருக்குக் கட்டுரையை, அம்மா வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் திண்ணைத் தூணில் சாய்ந்தபடி படித்தேன். அம்மா சென்ற தை மாதம் காலமானார். அவர் இல்லாத முதல் ஆடி இது. கட்டுரையாளர் சொல்லியிருந்தவற்றுள் இரண்டு செய்திகள் என்னை எழுத வைத்தன. அம்மாக்களின் தலைமுறை போவதோடு இந்த வழக்கங்களும் போய்விடும், ஏனெனில் மகள்கள் அவற்றைக் கற்றுக்கொள்ளவில்லை என்பது ஒன்று. காப்பரிசி என்பது வறுத்த அரிசியைச் சர்க்கரைப் பாகில் கிளறிச் செய்யும் ஓர் இனிப்பு என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தி எங்கள் பக்கத்துக்குப் பொருந்தாது. முதலாவது பாதி உண்மை. நானே அதற்குச் சாட்சி. மீதிப் பாதிக்காகவே இந்தக் கடிதம்.

அம்மா பிறந்தது 1945-இல், கும்பகோணத்தில் மகாமகம் நடந்த மாசியில்; ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில். பள்ளிச் சான்றிதழில் வேறு ஏதோ ஒரு தேதி இருக்கிறது, ஆனால் அதை அம்மா ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. தம் வாழ்க்கையை அவர் மகாமகங்களால்தான் அளந்தார். 1956 மகாமகத்தோடு படிப்பை நிறுத்தினார்கள். 1968 மகாமகத்தில் அண்ணன் இடுப்பில் இருந்தான். 1980-இல் நானும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு போனோம். 1992-இல் நெரிசலில் பலர் இறந்த அந்த நாளில், குளத்துப் பக்கமே போகாமல் பாதி வழியில் திரும்பிவிட்டார். 2016-இல் நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அடுத்தது 2028 என்று பேச்சு வந்தபோது, "அதுக்கு நீ மட்டும் போயிட்டு வா" என்றார்.

1966 வைகாசியில் நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்கு மருமகளாக வந்தார். எங்களுக்கு ஆறு மா நிலம்; அதாவது இரண்டு ஏக்கர். ஆடுதுறை 27 என்ற புது நெல் தஞ்சாவூர் ஜில்லாவில் பரவத் தொடங்கிய ஆண்டு அது. கல்யாணப் பேச்சோடு சேர்த்து அந்த நெல்லைப் பற்றியும் இரு வீட்டாரும் பேசினார்கள் என்று அப்பா சொல்வதுண்டு. விளைச்சல் கூடுதல்தான், ஆனால் ஐப்பசி மழையில் சிக்கினால் கதிரிலேயே முளைத்துவிடும். வைக்கோலும் மாட்டுக்குக் காணாது. அம்மா வந்த முதல் ஆண்டே மாமனாரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்: வீட்டுச் சோற்றுக்கு என்று ஒரு மாவில் மட்டும் கிச்சிலிச் சம்பா. அந்த ஒரு மா கடைசி வரை அவர் பொறுப்பிலேயே இருந்தது. விதைநெல்லை அவரே காயவைத்து, நொச்சித் தழை போட்டு, பத்தாயத்துக்குப் பக்கத்தில் தனிப் பானையில் கட்டிவைப்பார். அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்றுதான் தொடங்குவார். பிறகுதான் இரண்டு, மூன்று. களத்தில் ஆண்கள் எண்ணும் முறை அது. அம்மாவோ உலைக்கு அரிசி அளக்கும்போதும், எங்களுக்குத் தோசை எண்ணிப் போடும்போதும்கூட லாபத்தில்தான் தொடங்குவார். பள்ளியில் நான் முதன்முதலாக எண் சொன்னபோது லாபம், இரண்டு என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தேன்.

ஆடி 18 எங்கள் வீட்டில் ஒருநாள் பண்டிகையாக இருந்ததில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள் என்று வானொலியில் கேட்டதுமே அம்மாவின் கணக்கு தொடங்கிவிடும். கல்லணைக்கு வர மூன்று நாலு நாள். அங்கே வெண்ணாற்றில் திரும்பி, தென்பெரம்பூர் கடந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிந்து, கோரையாற்றிலிருந்து எங்கள் வாய்க்காலுக்குள் தண்ணீர் நுழைய இன்னும் எத்தனை நாள் என்று, பொதுப்பணித் துறைக்காரர்களை விடத் திருத்தமாகச் சொல்வார். முதல் தண்ணீர் நுரையும் செத்தையுமாகக் கலங்கி வரும். அதைப் பார்க்கக் கூப்பிட்டால் நாங்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். "அவ வந்துட்டா" என்பார், உள்ளூர் பேருந்தில் மகள் வந்து இறங்கியதைச் சொல்வதைப் போல.

மகள் என்பதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஆடியில் காவிரிக்கு மசக்கை என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் நம்பிக்கை. மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியாகக் கொடுக்க வேண்டும் என்பதால்தான் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் தயிர்ச்சோறும் சர்க்கரைப் பொங்கலும் படித்துறைக்குப் போகின்றன. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளே ஆடியில் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரிக்குப் பட்டும் மாலையும் தாம்பூலமும் சீராகத் தருகிறார். அதை நினைத்துக்கொண்டு, "பெருமாள் குடுக்கறது பொறந்த வீட்டுச் சீரு. நம்ம குடுக்கறது அக்கம்பக்கத்துச் சோறு. அக்கம்பக்கத்துச் சோத்துக்குத்தான் மசக்கைக்காரிக்கு நாக்கு ஊறும்" என்று அம்மா சொல்வார். காப்பரிசியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. வளைகாப்புக்கும், பிறந்த குழந்தைக்குக் காப்பிடும் நாளுக்கும் பிசறி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது அதுதானே. ஏதோ ஓர் இனிப்பு என்று எழுதிவிட்டால், அது ஏன் ஆற்றுக்குப் போகிறது என்ற சங்கதியே விட்டுப்போகிறது.

புளிக்காய்ச்சலை முதல்நாள் இரவே மாக்கல் சட்டியில் காய்ச்சி வைத்துவிடுவார். வெந்தயமும் மிளகாயும் பெருங்காயமும் நல்லெண்ணெயில் வறுபடும் மணத்திலேயே நாங்கள் தூங்கிப்போவோம். சோற்றுக்குப் பழைய அரிசிதான். புது அரிசி குழைந்து, கிளறும்போது கட்டி தட்டும் என்பதால் போன தையில் அறுத்த கிச்சிலிச் சம்பாவை இதற்காகவே மூன்று படி ஒதுக்கி வைத்திருப்பார். விடிந்ததும் தம்பி சப்பரத்தட்டி என்னும் சின்னத் தேரை இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றுவான். வெள்ளைத் துணியில் மடித்துவைத்த காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒன்பது நாளாக இருட்டறையில் வளர்ந்து வெளிறிய முளைப்பாரி எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்து, கல்யாணமாகி முதல் ஆடி காணும் தலையாடிப் பெண்கள் கல்யாண மாலையைக் கையில் ஏந்திக்கொள்ள, தெருவே வாய்க்கால் படித்துறைக்கு இறங்கும். படியில் மஞ்சள் பிள்ளையார் பிடித்துவைத்துக் கும்பிட்ட பிறகு, பெண்கள் ஒருவர் கழுத்தில் ஒருவர் கயிறு கட்டிக்கொள்வார்கள். மாலையும் காதோலையும் தண்ணீரில் போகும். அவை திரும்பி வராமல் நேராகப் போக வேண்டும் என்று வாய்க்காலின் வளைவு வரை பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

இதுவரை எழுதியது கட்டுரையாளரும் எழுதியிருக்கக்கூடியதுதான். இனி எழுதுவது எங்கள் வீட்டுக்குள் இருப்பது.

ஆடி 18 நேரம் வயலில் குறுவைக் களையெடுப்பும் சம்பா நாற்றங்கால் வேலையும் ஒன்றாக நடக்கும். களையெடுக்க வரும் பெண்களுக்கு வேறு தெரு, துறையும் வேறு. எங்கள் படித்துறையிலிருந்து நூறு அடி கீழே, படி கட்டப்படாத ஒரு மண் சரிவு. எங்கள் துறையைத் தாண்டிய தண்ணீர்தான் அவர்களுக்குப் போகும். அன்றைக்கு அவர்களுக்கும் சித்ரான்னம் உண்டு, ஆனால் அது ஒரு பித்தளைத் தூக்கில் கொல்லைப்புறக் கிணற்றடியில் வைக்கப்படும். அந்தத் தூக்கு அப்பாயி இருந்தவரை கிணற்றடியைத் தாண்டி வீட்டுக்குள் வந்ததில்லை. இதையும் எங்கள் வீட்டில் மரபு என்றுதான் சொன்னார்கள். தங்கள் கட்டுரையில் மரபு என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் எனக்கு அந்தத் தூக்கும் கண்ணில் பட்டது. அப்பாயி 1987-இல் இறந்தார். மறு ஆண்டு ஆடியில் அந்தத் தூக்கு எங்கள் சமையலறை அலமாரியில், மற்ற பாத்திரங்களோடு கவிழ்ந்திருந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பாவும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆண்டு முதல், களையெடுக்க வந்தவர்களுக்குக் கூடத்தில் இலை போட்டார்.

அப்பா 1998 புரட்டாசியில் காலமானார். நிலத்தை அம்மாவே பார்த்தார். மடை திருப்புவது முதல் மூட்டை ஏற்றுவது வரை அவர்தான். ஆனாலும் 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு நிவாரணத்துக்காக எழுதப்பட்ட தாளில் விவசாயி என்ற இடத்தில் அண்ணன் பெயர்தான் இருந்தது. அண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறவர். அது போகட்டும். ஆடி 18 வந்தபோது அம்மா படித்துறைக்கு வரக்கூடாதவரானார். கயிறு கட்டும் இடத்தில் அவருக்கு இடமில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையிருக்கவில்லை. தலைத்திவசம் முடிந்து 2000-இல் வந்த ஆடியில், ஐந்து வகைச் சோற்றையும் அம்மாவே கிளறி, தாம்பாளத்தை அடுக்கி அண்ணியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, கொல்லைக் கதவருகில் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் படித்துறை தெரியாது. பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

மறு ஆண்டு, 2001-இல், களையெடுக்க வருபவர்களில் ஒருவரின் மகள், அந்த வைகாசியில்தான் கல்யாணமானவள், கல்யாண மாலையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் கொல்லைக் கதவுக்கு வந்தாள். அவளுடைய தாய் அதற்கு முந்தைய கோடையில் இறந்திருந்தார். அவள் தாய் என் அம்மாவை ஆச்சி என்றுதான் அழைப்பார். இவள், "பெரியம்மா, கயிறு நீங்கதான் கட்டிவிடணும்" என்றாள்.

"நான் கட்டக்கூடாது தாயி."

"எங்கம்மா இருந்தா அதுதான் கட்டும். அதுவும் தாலி அறுத்ததுதான்."

நான் அப்போது அங்கேதான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு நிமிடம் போல ஒன்றும் பேசவில்லை. பிறகு கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு, எங்கள் தாம்பாளத்திலிருந்தே ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு, அவளோடு நடந்தார். எங்கள் தெருப் படித்துறைக்கு அல்ல; அவர்கள் துறைக்கு. அந்த மண் சரிவில் அம்மா அன்றுதான் முதல்முறையாக இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். வழுக்கும் என்று அந்தப் பெண்தான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கயிறு கட்டும்போது அம்மாவின் விரல்கள் நடுங்கின. முடிச்சை மூன்றாவது முறைதான் சரியாகப் போட்டார்.

செய்தி தெருவுக்கு வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அதன் பிறகு இரண்டு ஆடிக்கு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மா, "வராட்டி என்ன, புளிச்சோறு மிச்சம்" என்றார். ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்பதையும் நான் மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் தெருவின் புதுப்பெண்களில் பிற்பாடு ஒருவரோ இருவரோதான் அம்மா கையால் கட்டிக்கொண்டார்கள், மற்றவர்கள் கட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பெண் மட்டும் ஒவ்வோர் ஆடிக்கும் விடியுமுன்னே வந்துவிடுவாள். தேங்காய் துருவுவதும் வெல்லம் தட்டுவதும் அவள் வேலை. நான் கல்யாணமாகித் தஞ்சாவூரில் ஆசிரியை வேலையில் இருந்தேன். விடுமுறை கிடைத்த ஆண்டு வருவேன், கிடைக்காத ஆண்டு தொலைபேசியில் பேசுவேன். அம்மா புளிக்காய்ச்சலுக்கு எந்தப் பதத்தில் எண்ணெய் பிரிய வேண்டும் என்பதை எனக்குப் பலமுறை சொன்னார். நான் ஒவ்வொரு முறையும் "அடுத்த தடவை எழுதி வச்சுக்கிறேம்மா" என்றேன்.

2012-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அந்த ஆண்டு செப்டம்பர் 17-இல்தான் திறந்தது. ஆடி 18 அன்று வாய்க்காலில் மண் வெடித்துக் கிடந்தது. தெருப் பெண்கள் போர்செட் தொட்டியில் கயிறு கட்டிக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அம்மாவோ வழக்கம்போல ஐந்து சோற்றையும் கிளறிக்கொண்டு காய்ந்த படித்துறைக்கே வந்து உட்கார்ந்தார். எதற்கு என்று நான் கேட்டபோது, "மக வர நாழியாச்சுன்னா அடுப்ப அவிச்சுருவமா? எந்த ஊர்ல பேருந்து நின்னு கெடக்கோ" என்றார். அந்தப் பெண் ஒரு குடத்தில் போர்த் தண்ணீர் கொண்டுவந்து கடைசிப் படியில் ஊற்றினாள். மண் அதை உடனே குடித்துவிட்டது. சோற்றை நாங்கள் மூவரும், படியில் ஏறி வந்த சில ஆடுகளும் சாப்பிட்டோம். 2016-இலும் 2017-இலும் 2019-இலும் அதே கதைதான், ஆடிக்குத் தண்ணீர் வரவில்லை. அடுப்பு எந்த ஆண்டும் அணையவில்லை. 2022-இல் மே 24 அன்றே மேட்டூரைத் திறந்தபோது, அம்மா கொஞ்சம் கோபித்துக்கொண்டார். இவ்வளவு சீக்கிரம் வந்தால் அவளுக்கு என்ன கிளறிவைப்பது, புளி இன்னும் வெயிலில் காய்கிறதே என்று.

இவ்வாண்டு ஜூன் 12-இலேயே தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆடிக்கு வாய்க்கால் கரை முட்டிப் போயிற்று. ஆனால் அம்மாவுக்கு வருஷம் திரும்பும் வரை எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை, அடுப்பில் எதுவும் கிளறக்கூடாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க நேரம் இருந்தது. துக்க வீட்டுக்குப் பண்டிகைச் சோறு அடுத்த வீட்டிலிருந்து வருவது வழக்கம். ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். இப்போது அவளுக்கு நாற்பத்து நாலு வயது, அவள் மகளுக்கே அடுத்த ஆண்டு கல்யாணம் பேசியிருக்கிறார்கள். கையில் எவர்சில்வர் தூக்கு. வாசல் வழியாகவே வந்தாள். சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன் எழுந்துபோய் அதை வாங்கி, உள்ளே கொண்டுபோய் வைத்தார். புளிச்சோற்றை ஒரு வாய் போட்டுக்கொண்டதும் அண்ணன் முற்றத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெந்தயம் தூக்கலாக, உப்பு ஒரு கல் குறைவாக, அது அம்மாவின் கைதான்.

ஆகவே, மகள்கள் கற்றுக்கொள்ளவில்லை என்று கட்டுரையாளர் எழுதியது என்னைப் பொறுத்தவரை சரி. ஆனால் அம்மாவின் கைப்பக்குவம் எங்கள் வீட்டு மகளிடம் வந்து சேராததால் அது போய்விட்டது என்று அவர் முடித்ததை நான் ஏற்க இயலாது. அது நூறு அடி கீழே இருக்கும் துறையில், நலமாக இருக்கிறது. தங்கள் இணைப்பில் அம்மா மண்டபமும் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையும் பெரிய படங்களாக வந்திருந்தன, அழகாகவே இருந்தன. அடுத்த ஆண்டு தங்கள் புகைப்படக்காரரை ஏதாவது ஒரு வாய்க்கால் துறைக்கும் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். படி கட்டாத துறையாக இருந்தாலும் பரவாயில்லை.

காப்பரிசிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் அதற்கு அடுப்பே வேண்டியதில்லை. ஒரு படி பச்சரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, ஈரம் முழுவதும் போவதற்குள் முக்கால் படி தட்டிய வெல்லத்தையும் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயையும் ஏலப்பொடியையும் போட்டுப் பிசற வேண்டும். எள்ளு மட்டும் வறுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு சிட்டிகை எள்ளுதான் போடுவது வழக்கம் என்று எழுதி, இந்தக் கடிதத்தை அன்று மாலையே அஞ்சலில் சேர்த்திருப்பேன். நல்லவேளையாக அதற்கு முன்பு அவள் தூக்கின் மேல்தட்டைத் திறந்து பார்த்தேன். காப்பரிசியில் எள்ளு கறுப்பாக நிறைந்து கிடந்தது. "எள்ளு கூடிப்போச்சே" என்றேன்.

"கூடலக்கா. ஒரு படிக்கு ஒரு கைப்பிடி, அதுதான் அளவு. அண்ணனுக்குப் பல்லுல மாட்டுதுன்னு உங்க வீட்டுக்கு மட்டும்தான் பெரியம்மா கொறச்சுப் போடும்" என்றாள்.

எனவே, ஒரு கைப்பிடி என்றே திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
நீடாமங்கலம் பகுதி வாசகி ஒருவர்